கொல்லைப்புறத்துச் சனியன்

சனியைத் தேடி நாடே எங்கள் பக்கம் வருகிறது. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில், பெயர்ச்சி நாளன்று கால் வைக்க இடமிராது. வானத்தில் ஒரு கோள் நகர்கிறதாம்; அதற்காக மண்ணில் மக்கள் கூட்டம் கூட்டமாக நகர்கிறார்கள்! குளத்தில் மூழ்குகிறார்கள், உடுத்த துணியைக் கழற்றி எறிகிறார்கள். துணி இங்கே தங்கி விடுகிறது. துயரம் மட்டும் அவர்களோடு ஊர் திரும்புகிறது.

தோழர்களே! நான் எழுத வந்தது அந்தச் சனியைப் பற்றியன்று. எங்கள் வீட்டுக் கொல்லையில் வேறொரு சனியன் இருக்கிறது. எந்தப் பெயர்ச்சிக்கும் அது அசைந்ததில்லை. அது வானத்திலிருந்து இறங்கியதன்று, கப்பலிலிருந்து இறங்கியது.

துப்பாக்கியின் முனையில் பொருத்தும் குத்துக் கத்தியை, பயனெட் என்று இன்று நாம் சொல்வதை, நம் பழைய ஏடுகள் ‘துப்பாக்கிச் சனியன்’ என்று எழுதின. இந்துஸ்தானியில் அதற்குச் ‘சங்கீன்’ என்று பெயர். அச்சொல்லே தமிழ் நாவில் சனியன் ஆயிற்று. சொல் திரிந்தது, ஆயினும் பொருள் பொருந்திற்று!

எங்கள் சனியன் ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள இரும்பு முள். கைப்பிடி இல்லை; வெட்டும் விளிம்பு இல்லை. குறுக்கே அறுத்துப் பார்த்தால் சிலுவை போலத் தோன்றும் நான்கு பட்டைகள், நுனியில் கூர்மை. அதன் அடியைப் புளியங்கட்டை ஒன்றில் இறக்கி, கட்டையைக் கிணற்றடியில் பாதி புதைத்திருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் அதில்தான் தேங்காய் உரிக்கிறோம்.

அதைக் கொண்டு வந்தவர் என் தாத்தா. ஊரில் அவரைச் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படித்தான் அழைப்பது வழக்கம். 1947-இல் அவர் படையில் சேர்ந்தார். இந்தோசீனப் போரில் சைகோன் பக்கம் காவல் பணியில் இருந்தார். 1954-இல் போர் முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் காரைக்கால் இந்திய ஆட்சியின் கீழ் வந்தது. பிரெஞ்சு மண்ணிலிருந்து புறப்பட்டவர் இந்திய மண்ணுக்குத் திரும்பினார். ஊர் அதேதான், கொடிதான் வேறு.

பெட்டியில் ஒரு பதக்கமும், ஒரு கம்பளியும், இந்த முள்ளும் இருந்தனவாம். முள்ளை எப்படிக் கொண்டு வந்தார், ஏன் கொண்டு வந்தார் என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை. சில ஆண்டுகள் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒரு நாள் பாட்டி அதை எடுத்துக் கொல்லனிடம் கொடுத்துக் கட்டையில் இறக்கி வாங்கி வந்தார். “குத்தறதுக்குன்னே செஞ்சதுதானே, தேங்காயைக் குத்தட்டும்” என்றாராம். தாத்தா ஒன்றும் பேசவில்லையாம். முதல் தேங்காயை அவரே உரித்தாராம்.

இந்த முள்ளை விலைக்குக் கேட்டுச் சென்ற கோடை விடுமுறையில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பெருநகரத்துக்காரர், படித்தவர், பண்பாளர். பழைய படைத் துப்பாக்கிகளையும் முனைக் கத்திகளையும் சேர்ப்பது அவருடைய பெருவிருப்பம். 1853-ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த என்ஃபீல்டு துப்பாக்கி, 1871-இல் ஆங்கிலப் படை ஏற்ற மார்ட்டினி ஹென்றி, முதல் உலகப் போர்க் காலத்து லீ என்ஃபீல்டு எல்லாம் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். சுட இயலாதபடி செயலிழந்தவை, உரிமம் பெற்றவை. தாள்கள் அனைத்தும் ஒழுங்கு. கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் படங்களைக் காட்டினார். பிள்ளைகளின் படத்தைக் காட்டும் தந்தையின் முகம் அவருக்கு அப்போது இருந்தது.

கிணற்றடிக்கு அழைத்துப் போனேன். குனிந்து பார்த்தார். “எம்.ஏ.எஸ். 36” என்றார். சேன்ட் எத்தியேன் ஆயுதச் சாலையில் உருவாகி 1936-இல் பிரெஞ்சுப் படை ஏற்ற, 7.5 மில்லிமீட்டர் துப்பாக்கியின் முனைக் கத்தி அது என்று விளக்கினார். வேலை இல்லாதபோது கூர்முனையை உள்ளே திருப்பி, குழலுக்குக் கீழே உள்ள துளையில் செருகி வைப்பார்களாம். வேண்டும்போது உருவித் திருப்பி மாட்டுவார்களாம். நான் பிறந்தது முதல் பார்த்து வந்த பொருளைப் பற்றி நான் அறியாத செய்தியை, அரை நாழிகைக்கு முன் வந்தவர் சொன்னார். அந்த அறிவை மதித்தேன்; இன்றும் மதிக்கிறேன்.

பிறகு அவர், “தேங்காய் உரித்துக் கெடுத்து விட்டீர்களே!” என்றார்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னது அதைவிடப் பெரிது. பதினைந்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். ‘என் தாத்தா தியன் பியன் பூப் போர்க்களத்தில் இதை ஏந்தி நின்றார்’ என்று நான் ஒரு கடிதம் எழுதித் தந்தால் நாற்பதாயிரம் தருவதாகச் சொன்னார். 1954 மே 7-இல் வீழ்ந்த அந்தக் கோட்டையின் பெயர் ஒட்டிக் கொண்டால் இரும்புக்கு மதிப்பு ஏறுமாம். தாத்தா அங்கே இருந்ததில்லை என்றேன். “யாருக்குத் தெரியப் போகிறது?” என்றார். அதைத் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. விலை பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

எங்கள் வீட்டு ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மூன்று இடங்களில் பாத்திரம் வைக்கிறோம். தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியம் எவ்வளவு என்பது தோழர்கள் அறிந்ததே. நாற்பதாயிரம் என்பது எனக்கு ஒரு சொல்லன்று, ஒரு கூரை.

விற்பதா, வேண்டாமா என்பது எங்கள் வீட்டுச் சிக்கல். அதற்குள் அனைவர்க்கும் பொதுவான ஒரு கேள்வி இருக்கிறது. கொல்வதற்கென்றே செய்த கருவியைப் பழம்பொருளாகச் சேர்த்து மகிழ்வது அறமா? பகுத்தறிவாளர் இதற்கு என்ன விடை சொல்வது?

முதலில் எதிர்த்தரப்பின் வழக்கைக் கேட்போம். எதிரியின் வாயை அடைத்து விட்டு வாதத்தில் வென்றோம் என்பது நம் வழக்கமன்று.

சேர்ப்போர் சொல்கிறார்கள்: “நாங்கள் இல்லாவிட்டால் வரலாறு பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.” பொய்யன்று. சான்றுக்கு நெடுந்தொலைவு போக வேண்டாம். 1855-இல் தஞ்சை அரசு கும்பெனியார் கைக்குப் போயிற்று. அரண்மனைப் படைக்கலச் சாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாளும் வேலும் கட்டாரியும் என்ன ஆயின? ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இன்றும் எழும்பூரில் காணலாம். பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். அந்த இரும்போடு நம் கருமாரின் கைத்திறனும் போயிற்று. தஞ்சை வாள்களுள் பல ஐரோப்பிய அலகும் நம்மூர்ப் பிடியும் கொண்டவை. கடல் வாணிகத்தின் கதையைச் சொல்லக் கூடியவை. உடைத்தவன் அழித்தான், சேர்த்தவன் காத்தான். இதை ஒப்புக் கொள்வோம்.

இரண்டாவதாகச் சொல்கிறார்கள்: “இது அறிவியலின் வரலாறு.” அதுவும் பொய்யன்று. பால் வியேல் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1884-இல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டார். அதைப் பயன்படுத்திய முதல் படைத் துப்பாக்கி 1886-இன் லெபல். அதுவரை சுட்டவனின் முகத்தையே மறைத்த வெண்புகை அன்றோடு ஒழிந்தது. ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் பார்ப்பவன் உலோகவியலையும், வேதியியலையும், கணக்கையும் ஒருங்கே படிக்கிறான்.

மூன்றாவதாக, “இரும்புக்கு ஏது குற்றம்? ஏவியவனைக் கேள்” என்கிறார்கள். இங்கேதான் நான் நிற்கிறேன், நின்று மறுக்கிறேன்.

அரிவாள் கதிரையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கிணற்றடி முள்ளைப் பாருங்கள். அது புல் அறுக்காது, காய் நறுக்காது, கயிறு கூட அறுக்காது. குத்துவது ஒன்றே அது அறிந்தது. மனித உடலை அளவாகக் கொண்டு அதன் நீளத்தைத் தீர்மானித்தார்கள். வடிவமே நோக்கத்தைச் சொல்கிறது. இரும்பு குற்றமற்றதுதான்; ஆனால் இரும்புக்கு இந்த வடிவத்தைக் கொடுத்தது ஒரு மனித எண்ணம். அந்த எண்ணத்தை மறைத்து விட்டு இரும்பை மட்டும் வியப்பது, தூக்குமரத்தைப் பார்த்துத் தச்சு வேலையை மட்டும் வியப்பது போன்றது.

அந்த எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பயனெட் என்ற பெயர் பிரான்சின் தென்மேற்கிலுள்ள பயோன் என்னும் ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பர். பதினேழாம் நூற்றாண்டில் கத்தியின் பிடியைக் குழலின் வாயிலேயே செருகினார்கள்; செருகினால் சுட முடியாது. அந்நூற்றாண்டின் இறுதியில் குழலைச் சுற்றி மாட்டும் வளையக் கத்தி வந்தது. அக்காலத் துப்பாக்கியை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் சுட இயலும். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையே குதிரை வீரன் மேலே வந்து விழுவான். அப்போது கத்தி தேவைப்பட்டது. கொடுமையே ஆயினும் அதில் ஒரு கணக்கு இருந்தது.

லெபல் வந்தபின் அந்தக் கணக்கு மாறிவிட்டது. பல நூறு அடிக்கு அப்பாலிருந்தே துல்லியமாகச் சுடலாம். எந்திரத் துப்பாக்கி வந்தபின் கத்தியோடு ஓடுவது தற்கொலை. அறிவு அப்படிச் சொன்னது. ஆனால் தளபதிகள் கேட்கவில்லை. முனைக் கத்தியில்தான் பிரெஞ்சு வீரம் குடியிருக்கிறது என்று நம்பினார்கள். அதற்கு ‘ரோசலி’ என்று பெண் பெயரும் வழங்கிற்று, பாட்டும் பிறந்தது. 1914 ஆகஸ்டில் செந்நிறக் காற்சட்டை அணிந்த இளைஞர்களைக் கத்தி மாட்டிய துப்பாக்கிகளோடு எந்திரத் துப்பாக்கிகளின் வாய்க்கு எதிரே ஓட விட்டார்கள். ஆகஸ்ட் 22-ஆம் நாள், ஒரே நாளில், ஏறத்தாழ 27,000 பிரெஞ்சுப் படையினர் மாண்டனர்.

மூடநம்பிக்கை என்றால் நமக்குக் கோயிலும் குளமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. கற்றவர் நாடு என்று பேரெடுத்த நாட்டில், படைப் பள்ளியில் பயின்றவர்கள், ஓர் இரும்பு முள்ளை நம்பி, அதன் காலடியில் 27,000 உயிரை ஒரே நாளில் கொட்டினார்களே, அதற்கு என்ன பெயர்? நம் ஊரில் ஆயுத பூசையன்று அரிவாளுக்குச் சந்தனம் இடுவதைக் கேலி செய்கிறோம். அந்த அரிவாளாவது மறுநாள் வயலுக்குப் போகிறது!

கண்ணாடிப் பேழை வைத்திருப்பவரையும் இந்த இடத்தில் சற்றே பார்ப்போம். நாள்தோறும் எண்ணெய் பூசுகிறார். மெல்லிய துணியால் துடைக்கிறார். பிறர் கை பட்டால் முகம் சுளிக்கிறார். விளக்கு வேறு போட்டு வைத்திருக்கிறார். கற்பூரம் ஒன்றுதான் குறை. பூசையறை வேண்டாம் என்று வெளியே வந்த அறிவு, கண்ணாடிப் பேழையைப் பூசையறை ஆக்கிக் கொள்ளலாமா?

அவர் என்னிடம் கேட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தேன். ஆயுதச் சாலையின் முத்திரை இருக்கிறதா? வரிசை எண் தெரிகிறதா? உறை இருந்ததா? இத்தனையும் கேட்டார். ‘இதன் எதிரே நின்றவன் யார்?’ என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்காதவர் அவர் ஒருவர் மட்டுமா? 1857-ஐ நினைத்துப் பாருங்கள். அவர் பேழையில் இருக்கும் அதே 1853 மாதிரி என்ஃபீல்டுக்கு வந்த தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சுப் படையெங்கும் பரவிற்று. தோட்டாவின் தாளைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். சாதியும் மதமும் கெட்டுவிடும் என்று சிப்பாய்கள் கொதித்தார்கள். கிளர்ச்சிக்கு அதுவே ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. நிலம், ஊதியம், அவமதிப்பு என்று பல இருந்தன. ஆனால் இதைக் கவனியுங்கள். அதற்கு முன் நூறாண்டுக் காலம் கும்பெனியின் துப்பாக்கியை ஏந்தி, நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தம்மைப் போன்ற மக்களையே சுட்டு வீழ்த்திய படை அது. தோட்டாவில் தடவிய கொழுப்பு எந்த விலங்கினுடையது என்று கேட்டார்கள். தோட்டா எந்த மனிதன் மேல் பாயப் போகிறது என்று கேட்கவில்லை!

இக்காலத்துச் சேர்ப்பவர் எண்ணைக் கேட்கிறார். அன்றைய சிப்பாய் எண்ணெயைக் கேட்டான். எதிரே நின்ற மனிதனைக் கேட்டவர் எவருமில்லை.

அவரிடமுள்ள இன்னொரு துப்பாக்கி லீ என்ஃபீல்டு, .303. அழகிய பொருள் என்றார். தேய்ந்த மரப்பிடியைத் தடவினால் வெண்ணெய் போலிருக்குமாம். இருக்கலாம். 1919 ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலா பாகில் ஐம்பது படையினர் அந்த வகைத் துப்பாக்கியால்தான் சுட்டார்கள். 1,650 குண்டுகள், அரசே ஒப்புக் கொண்ட சாவு 379. சுடச் சொன்னவன் ஆங்கிலேயன். விசையை இழுத்த விரல்கள் இம்மண்ணின் விரல்கள். அந்த வகைத் துப்பாக்கி பேழைக்குப் போய்விட்டது என்றா நினைக்கிறீர்கள்? உத்தரப் பிரதேசக் காவல் துறை அதற்கு விடை கொடுத்தது 2020 சனவரியில்! ஒரு கூடத்தில் பழம்பொருள். மறு தெருவில் நடப்புப் பொருள்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. 1936 சூலை 30-இல் புதுச்சேரியில் உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் வெடித்தன. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை அந்தக் குருதியின் பின்னேதான் வந்தது. அன்று வெடித்த துப்பாக்கிகள் இன்று எங்கே? ஏதோ ஒரு பேழையில், ‘பிரெஞ்சுத் தயாரிப்பு, நன்னிலையில் உள்ளது’ என்ற சீட்டோடு இருந்தால் நாம் வியப்பதற்கில்லை. நன்னிலையில் இருக்கிறது இரும்பு. அந்தப் பன்னிரண்டு குடும்பங்கள் எந்நிலையில் இருந்தன என்பதைச் சொல்லும் சீட்டு எங்கே?

பிறரைக் கேட்டது போதும். நம்மையும் கேட்டுக் கொள்வோம். நாமும் வாள் சேர்ப்பவர்களே! கண்ணாடிப் பேழையில் அன்று; மேடைப் பேச்சில். கங்கை வரை போன படை, 1025-ஐ ஒட்டிக் கடல் கடந்து கடாரம் கொண்ட படை என்று முழங்காத மேடை உண்டா? முழங்கும்போது உடல் சிலிர்க்கிறது; எனக்கும் சிலிர்த்ததுண்டு. ஆனால் கடாரத்துத் துறைமுகத்தில் நம் வாளுக்கு எதிரே நின்றவன் யார்? அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். வாயிலில் காத்திருந்த ஒருத்தி இருந்திருப்பாள். பிரெஞ்சுக்காரன் முள் குற்றமுடையது, சோழன் வாள் மட்டும் பெருமையுடையது என்றால், அது பகுத்தறிவன்று. நம் வீட்டுப் பேழைக்கு நாம் போட்டுக் கொண்ட விளக்கு. வரலாறு வேண்டும், பெருமிதமும் இருக்கட்டும். எதிரே நின்றவனின் கணக்கையும் சேர்த்து எழுதும் துணிவு வேண்டும்.

இனி என் தாத்தாவிடம் வருகிறேன். அவரைக் குற்றக் கூண்டில் ஏற்றவா இவ்வளவும் எழுதினேன்? இல்லை.

1881-இல் பிரெஞ்சு ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றால் முழுக் குடிமகன் ஆகலாம். புதுக் குடும்பப் பெயர் சூட்டிக் கொள்ளலாம். தெருவில் செருப்போடு நடக்க விடாத ஊரில், குனிந்தே நடந்த மக்களுள் பலர் அந்தக் கதவு வழியே வெளியேறினார்கள். சீருடை அணிந்தவனை ஊர் நிமிர்ந்து பார்த்தது. பெயரைக் கேட்டுச் சாதியை மோப்பம் பிடிக்க முடியவில்லை. மாதந்தோறும் பணம் வந்தது. எங்கள் குடும்பமும் அந்தக் கதவு வழியே வந்ததுதான். தாத்தாவின் ஓய்வூதியத்தில் என் தந்தை படித்தார். தந்தை படித்ததால் நான் பட்டம் பெற்றேன். இக்கட்டுரையை எழுதும் எழுதுகோலும் அந்த முள்ளிலிருந்து வந்ததே. இதை மறைத்து விட்டு அறம் பேசினால் நான் பொய்யன்.

ஆனால் கதவுக்கு அப்பால் என்ன இருந்தது? தம்மை நிமிர்த்திய கருவியால் இன்னொருவனைக் குனிய வைக்கும் வேலை இருந்தது. வியட்நாமும் நெல் விளையும் மண். மீகாங் ஆறு கிளை கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் இடத்துக்கும், காவிரியின் கிளையாகிய அரசலாறு காரைக்காலில் கடலில் சேரும் இடத்துக்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு இராது. தன் நாட்டைத் தன்னிடம் விடு என்று கேட்ட உழவன் ஒருவன் அங்கே எதிரே நின்றான். இங்கே சேற்றில் கால் வைத்து வளர்ந்தவன், அங்கே சேற்றில் கால் வைத்து நின்றவனை நோக்கி முள்ளை நீட்டினான். அவனுக்கு இவன்மேல் பகையில்லை. இவனுக்கு அவன் பெயர் கூடத் தெரியாது. இருவருக்கும் இடையே முள்ளை வைத்தவன் பாரிசில் இருந்தான்.

தாத்தா போரைப் பற்றிப் பேசியதே இல்லை என்று தந்தை சொல்வார். ஆண்டுக்கு ஒருமுறை, நடவு நாளன்று மட்டும், வரப்பில் உட்கார்ந்து பெண்கள் குனிந்து நாற்று நடுவதைப் பார்த்துக் கொண்டிருப்பாராம். “அங்கேயும் இப்படித்தான் நடுவாங்க” என்பாராம். அதற்கு மேல் ஒரு சொல் வராதாம்.

அந்த முள் எவர் உடலிலாவது பாய்ந்ததா? எனக்குத் தெரியாது. தாத்தாவோடு அந்த விடை போயிற்று. ஆனால் அந்த ஒரு வரி எதிரே நின்றவனைப் பார்த்தவன் சொன்ன வரி. நாற்பதாயிரம் ரூபாய்க் கடிதம் அந்த வரியின் மேல் மண்ணைப் போட்டு மூடச் சொல்கிறது. இருக்காத களத்தில் இருந்த வீரனாக அவரை ஆக்கி, இருந்த மனிதனை இல்லாமல் செய்யச் சொல்கிறது.

நம் ஆயுதச் சட்டமும் இங்கே ஒன்றை நினைவூட்டுகிறது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருள் துப்பாக்கிக்கு விலக்கு அளிக்கிறது. அதன் விதிகள் கூரிய ஆயுதங்களைப் பட்டியலிடும்போது, வீட்டு வேலைக்கும் உழவுக்கும் என்று செய்த கத்திகளைப் பிரித்து வைக்கின்றன. பொருளைப் பார்க்காதே, பயனைப் பார் என்பதே அதன் கருத்து. சட்டம் எழுதியவர்கள் நெடிய விவாதத்துக்குப் பின் கண்டதை, எழுத்தறியாத என் பாட்டி ஒரு கொல்லனின் உலைக்களத்தில் கண்டார். குத்துவதற்கென்று பிறந்ததை உரிப்பதற்கென்று மாற்றினார். ‘கெடுத்து விட்டீர்களே’ என்றார் வந்தவர். இல்லை ஐயா, திருத்தி விட்டோம்!

நான் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் கேட்ட கடிதமன்று. ‘இந்த முள் 1947-க்கும் 1954-க்கும் இடையே சைகோன் பக்கம் காவல் பணியில் இருந்த காரைக்கால் படையாள் ஒருவருடையது. தியன் பியன் பூவில் இருந்ததில்லை. எவரைக் குத்தியது என்று தெரியாது. எதிரே நின்றவர்கள் வியட்நாமின் உழவர்கள். பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேங்காய் உரித்தது. கட்டையோடு சேர்த்து, இச்சீட்டோடு சேர்த்து, உங்கள் பேழையில் வைப்பதாக இருந்தால், விலையின்றித் தருகிறேன்’ என்று எழுதினேன். மறுமொழி சுருக்கமாக வந்தது. கட்டை வேண்டாமாம், தேங்காய்க் கதை சேர்த்தால் பொருளின் மதிப்புக் குறையுமாம்.

ஆக, பழம்பொருள் சேர்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பாவம் என்ற சொல்லே நம் அகராதியில் இல்லை. சொல்வது இதுதான்: ஆயுதத்தைச் சேர்ப்பவன் அதன் கணக்கையும் சேர்க்கட்டும். செய்தவன் யார், ஏந்தியவன் யார், எதிரே நின்றவன் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் இடமுள்ள சீட்டோடு இருந்தால் அது வரலாறு. முதல் கேள்வியோடு நின்று விட்டால் அது வாணிகம். மூன்றாவது கேள்வியை மறைக்கப் பொய் எழுதினால் அது புரட்டு. தலபுராணம் எழுதியவனுக்கும் அவனுக்கும் வேறுபாடு இல்லை. விடை தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதுவதும் வரலாறுதான். அதற்கு நேர்மை மட்டும் போதும்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு சொல்தா இருப்பார். அல்லது அவர் பெண்டாட்டி இருப்பார். பர்மாவில் நின்றவர், மலேயாவில் நின்றவர், எல்லையில் நின்றவர் இருப்பார்கள். பதக்கத்தைப் பார்த்து விட்டுத் திரும்பாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ‘எதிரே யார் நின்றார்கள்?’ என்று கேளுங்கள். அவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனத்தையும் நாளிட்டு எழுதி வையுங்கள்.

விற்கவில்லை என்று சொன்ன அன்று என் அம்மா என்னோடு பேசவில்லை. ஓட்டின் வழியே தெரிந்த வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அடுப்படியிலிருந்து குரல் வந்தது: “குழம்புக்குத் தேங்காய் வேணும். உரிச்சிக்கிட்டு வா.”

கிணற்றடிக்குப் போனேன். அது அங்கேயே நின்று கொண்டிருந்தது. இந்த வீட்டில் எவரையும் அது பிடித்ததில்லை.